துணி 'கெட்டுப்போனதாக' எழுதிய கடிதமும் ஆக்ஸ்ஃபோர்டு சொற்சேர்க்கை அகராதியும்

2011-ஆம் ஆண்டின் தொடக்கம். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டிருந்தன. நான் வேலை பார்க்கும் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் துணியை வெளி மாநிலத்துக்கு லாரியில் அனுப்பிச் சாயமேற்றி வாங்கிக்கொண்டிருந்தது. அப்படி வந்த ஒரு லாட்டில் நேவி நீலம் கொஞ்சம் செம்மை தட்டியிருந்தது. பையருக்கு, அதாவது எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு, தகவல் எழுத வேண்டியது ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரான நான். மனதில் வந்த தமிழ் வாக்கியம் "துணி கெட்டுப்போய்விட்டது" என்பது. கை அதை அப்படியே ஆங்கிலமாக்கியது: 'த ஃபேப்ரிக் ஹேஸ் கான் பேட்'.

மறுநாள் வந்த பதிலில் நான்கு கேள்விகள் இருந்தன. பூஞ்சை பிடித்திருக்கிறதா? வாடை அடிக்கிறதா? எந்தக் கிடங்கில் ஈரம் இறங்கியது? முந்தைய வாரம் கப்பலேறிய சரக்கும் அதே கிடங்கில்தான் இருந்ததா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. நிறம் பற்றி எழுதியவளிடம் ஏன் பூஞ்சை பற்றிக் கேட்கிறார்கள்? 'கோ பேட்' என்றால் ஆங்கிலக்காரர் காதில் பாலும் மீனும் இறைச்சியும் ஊசிப்போவதுதான் விழும் என்பது எனக்குத் தெரியாது. கப்பலில் போய்க்கொண்டிருந்த நல்ல சரக்குக்கும் சேர்த்துப் பூஞ்சை இல்லை என்று பரிசோதனைக்கூடத்தில் சான்றிதழ் வாங்கி அனுப்பி முடிப்பதற்குள் ஆறு நாட்கள் போயின. அந்த வாக்கியத்தில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. இலக்கணப் பிழையும் இல்லை. ஒரு வினையும் ஒரு பெயரடையும் பக்கத்தில் உட்கார்ந்தபோது மூன்றாவதாக ஒரு பொருள் பிறந்துவிட்டது, அவ்வளவுதான்.

என் பள்ளிப்படிப்பு முழுவதும் தாராபுரம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில், தமிழ்வழியில். ஆங்கிலத்தைக் காதால் கேட்டு வளராமல் கண்ணால் படித்துக் கற்றவள் நான். என்னைப் போன்றவர்களுக்குச் சொல் தெரியும், இலக்கணம் தெரியும். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பதுதான் தெரியாது. அதற்கென்றே ஓர் அகராதி இருக்கிறது என்று அந்த ஆண்டுதான் அறிந்தேன். கோவை உக்கடத்தில் பழைய புத்தகக் கடை ஒன்றில் 'ஆக்ஸ்ஃபோர்டு கொலொகேஷன்ஸ் டிக்‌ஷனரி ஃபார் ஸ்டூடன்ட்ஸ் ஆஃப் இங்கிலிஷ்' என்ற தடித்த புத்தகத்தை 300 ரூபாய்க்கு வாங்கினேன். அது 2002-இல் வந்த முதல் பதிப்பு. அட்டை கிழிந்து, முதுகில் பசை விட்டுப் போனபின் 2009-இல் வெளியான இரண்டாம் பதிப்பைப் புதிதாக வாங்கினேன். இன்றும் என் மேசையில் இருப்பது அதுதான். இத்தனை ஆண்டுகள் ஒன்றாக வேலை பார்த்த பிறகு அதைப் பற்றி எழுதாமல் இருப்பது நியாயமாகப் படவில்லை.

முதலில் இது எப்படிப்பட்ட அகராதி என்று சொல்லிவிடுகிறேன். இதில் பொருள் தேடினால் கிடைக்காது. ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னும் பின்னும் எந்தெந்தச் சொற்கள் இயல்பாக வந்து சேர்கின்றன என்று அடுக்கிக் கொடுக்கும். ஏறத்தாழ 9,000 தலைச்சொற்கள். அவற்றின் கீழே 2,50,000 சொற்சேர்க்கைகள். முதல் பதிப்பில் இது 1,50,000. முதல் பதிப்பை 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் என்ற உரைத்தொகுப்பை வைத்துத் தொகுத்தார்கள். இரண்டாம் பதிப்புக்கு அடிப்படை ஆக்ஸ்ஃபோர்டு இங்கிலிஷ் கார்ப்பஸ்; ஏறத்தாழ 200 கோடிச் சொற்கள். அதாவது, இப்படிச் சொல்ல வேண்டும் என்று யாரோ ஒரு பேராசிரியர் விதித்த பட்டியலாக இல்லாமல், மக்கள் உண்மையில் எழுதியவற்றை எண்ணிப் பார்த்துத் தொகுத்த பட்டியலாக இது இருக்கிறது.

பெயர்ச்சொல்லின் கீழே முதலில் பெயரடைகள் வரும். பிறகு அந்தப் பெயர்ச்சொல்லைச் செயப்படுபொருளாக ஏற்கும் வினைகள், அதன்பின் அதை எழுவாயாகக் கொள்ளும் வினைகள், பிறகு முன்னிடைச் சொற்கள், தொடர்கள். பெயரடையின் கீழே, அதோடு சேரும் வினைகளும் அதை மிகுத்தோ குறைத்தோ காட்டும் அடைகளும். இந்த வரிசை உப்புச்சப்பில்லாத ஏற்பாடாகத் தோன்றலாம். என் எழுத்தை மாற்றியது இந்த வரிசைதான். எப்படி என்று ஒரே ஒரு சொல்லை வைத்துக் காட்டுகிறேன்.

'லுக்' என்ற சொல். பார்வை என்ற பொருளில் பெயர்ச்சொல். அதன் கீழே பெயரடைகள்: குட், க்ளோஸ், க்விக், லாங் என்று போகும். வினைகள்: 'ஹேவ்', 'டேக்'. இரண்டு வரிசைகளையும் சேர்த்துப் படியுங்கள்: 'டேக் எ குட் லுக்', 'டேக் எ க்ளோஸ் லுக்', 'ஹேவ் எ க்விக் லுக்'. இதையே தமிழில் எப்படிச் சொல்வோம்? நன்றாகப் பாருங்கள். உற்றுப் பாருங்கள். ஒரு முறை சட்டென்று பார்த்துவிடுங்கள். நம் வாக்கியத்தின் எடை முழுவதும் 'பார்' என்ற வினையில் இருக்கிறது. எப்படிப் பார்ப்பது என்பதை வினையடை சொல்கிறது. ஆங்கிலத்திலும் அப்படிச் சொல்ல முடியும். ஆனால் அன்றாடப் பேச்சில் அவர்கள் விரும்பிச் செய்வது வேறு. 'டேக்', 'ஹேவ்', 'மேக்', 'கிவ்' போன்ற வெறுங்கூடான ஒரு வினையை எடுத்துக்கொள்கிறார்கள். செயலைப் பெயர்ச்சொல்லாக்கி அதன் மடியில் வைக்கிறார்கள். நாம் வினையடையால் சொன்னதைப் பெயரடையாக்கி அந்தப் பெயர்ச்சொல்லின் முன்னால் நிறுத்துகிறார்கள்.

ஆழமாக மூச்சிழுப்பது 'டேக் எ டீப் ப்ரெத்' ஆகிறது. அவசரப்பட்டு முடிவெடுப்பது 'மேக் எ ஹேஸ்டி டெசிஷன்'. நிம்மதியாகத் தூங்குவது 'ஹேவ் எ குட் நைட்ஸ் ஸ்லீப்'. நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தது 'ஹேட் எ லாங் டாக்'. மூன்று வாரங்கள் இப்படி ஒவ்வொன்றாக ஒரு நோட்டில் இடப்பக்கம் தமிழும் வலப்பக்கம் ஆங்கிலமுமாக எழுதிக்கொண்டு போனபோது, இத்தனை காலம் நான் எந்த இடத்தில் தடுக்கி விழுந்துகொண்டிருந்தேன் என்பது தெரிந்தது. நான் வினையைத் தேடிக்கொண்டிருந்தேன். சரியான வினை கிடைத்துவிட்டால் வாக்கியம் அமைந்துவிடும் என்று நினைத்தேன், ஏனென்றால் தமிழில் அப்படித்தான். ஆங்கிலத்தில் முதலில் பெயர்ச்சொல்லைப் பிடிக்க வேண்டும். அதற்குப் பொருந்தும் பெயரடையை அடுத்தபடியாக எடுக்க வேண்டும். வினை கடைசியில் தானாக வந்து சேரும். பெரும்பாலும் அது நாலைந்து வினைகளில் ஒன்றாகத்தான் இருக்கும்.

இந்த அகராதியின் முதல் பதிப்பின் முன்னுரையில் இதற்கு ஒத்த ஒரு குறிப்பு இருக்கிறது. செய்தலைக் குறிக்கும் 'மேக்', 'டூ' போன்ற மிகப் பொதுவான வினைகளுக்குத் தனிப் பதிவு கிடையாது; அவற்றுக்கென்று சொந்தமாகச் சேர்க்கைகள் இல்லை, மற்றச் சொற்களின் பதிவுகளில்தான் அவை வரும் என்று விளக்கியிருக்கிறார்கள். முதல் தடவை 'மேக்' என்ற சொல்லைத் தேடிக் கிடைக்காமல் ஏமாந்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். முன்னுரையைப் படித்த பிறகுதான் காரணம் விளங்கியது. இதை வாங்குகிறவர்கள் முன்னுரையைத் தாண்டிப் போகாதீர்கள். அரைமணி நேரம் செலவழித்து அதைப் படித்துவிட்டால், பிறகு ஒவ்வொரு தேடலும் அரை நிமிடத்தில் முடியும்.

இது ஏதோ ஆங்கிலத்துக்கே உரிய வித்தை என்று எண்ணிவிடக் கூடாது. 'குட்டித் தூக்கம் போட்டேன்' என்று நாம் சொல்வதும் இதே வார்ப்புதான். போடு என்பது வெறுங்கூடான வினை. தூக்கம் பெயர்ச்சொல். குட்டி அதன் அடை. 'குட்டி உறக்கம் போட்டேன்' என்று யாரும் சொல்வதில்லை. உறக்கத்துக்கு 'ஆழ்ந்த' என்ற அடைதான் ஒத்துப்போகும். பெருமூச்சு விடுகிறோம், ஓரப்பார்வை பார்க்கிறோம், பொய்க்கோபம் கொள்கிறோம். தேர்தலில் ஒருவர் படுதோல்வி அடைகிறார். படுவெற்றி அடைந்தவர் இதுவரை ஒருவரும் இல்லை. கொள்ளை அழகு உண்டு, கொள்ளை அசிங்கம் இல்லை. பொய் மட்டும் பச்சையாக இருக்கும். உண்மைக்கு நிறம் கிடையாது. இவற்றை எல்லாம் நமக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அம்மாவும் பாட்டியும் பேசப் பேசக் காதில் ஏறியவை. அப்படிக் காதில் ஏறும் வாய்ப்பு ஆங்கிலத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பாட்டியின் இடத்தில் நான் வைத்திருக்கிற புத்தகம் இது.

ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்துத்தான் அறிய முடியும் என்று 1957-இல் எழுதிய மொழியியலாளர் ஜே. ஆர். ஃபெர்த், 1919 முதல் 1928 வரை லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். சொற்சேர்க்கையைக் குறிக்கும் 'கொலொகேஷன்' என்ற சொல்லை மொழியியலில் நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர். அவருக்குத் தமிழோடும் ஒரு தொடர்பு உண்டு என்று அறிந்தபோது மிகவும் மகிழ்ந்தேன்: ஆர்டன் எழுதிய தமிழ் இலக்கண நூலின் 1934-ஆம் ஆண்டுப் பதிப்புக்குத் தமிழ் உச்சரிப்பு பற்றிய ஒரு பின்னிணைப்பை அவர் எழுதியிருக்கிறார். அவருக்கும் முன்னால், 1933-இல், ஹெரால்டு பால்மர் ஆங்கிலச் சொற்சேர்க்கைகள் பற்றிய ஒரு நீண்ட அறிக்கையை வெளியிட்டார். வெளியிட்ட இடம் டோக்கியோ. ஜப்பானில் ஆங்கிலம் கற்பிக்கும் முறைக்கு ஆலோசகராக இருந்த ஆங்கிலேயர் அவர். ஆங்கிலச் சொற்சேர்க்கைகளுக்கான பெரிய அகராதி ஒன்றை 1939-இல் தொகுத்தவரும் ஒரு ஜப்பானியர், கட்சுமாதா சென்கிச்சிரோ. ஆங்கிலேயர் கவனிக்கத் தேவையில்லாத ஒன்றை வெளியிலிருந்து வந்து கற்றவர்களும் அவர்களுக்குக் கற்பிக்க முனைந்தவர்களும் கவனித்திருக்கிறார்கள். கண்ணால் கற்றவர்களின் தேவையிலிருந்து முளைத்த துறை இது என்பதில் எனக்கு ஒரு தனி நெருக்கம் இருக்கிறது.

இனி, என் துணி 'கெட்டுப்போன' விவகாரத்துக்கு வருகிறேன். அகராதி எனக்கு அரைகுறையாகவே உதவிய இடம் இது.

ஆங்கிலத்தில் பெயரடையை நேராக ஏற்கும் வினைகள் ஒரு கூட்டம் இருக்கின்றன: 'கோ', 'கெட்', 'டர்ன்', 'க்ரோ', 'ஃபால்', 'ரன்', 'கம்'. எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய 'ஆவது' என்றுதான் பொருள். ஆனால் எது எதோடு போகும் என்பதில் அவை மிகவும் கறார். மனிதர் நோய்வாய்ப்படுவது 'ஃபால் இல்'. பேச்சடங்கிப் போவது 'ஃபால் சைலன்ட்'. கிணறு வற்றுவது 'ரன் ட்ரை'. கையிருப்பு குறைவது 'ரன் லோ'. பால் புளிப்பது 'டர்ன் சவர்'. கனவு நனவாவது 'கம் ட்ரூ'. வயதாவது 'க்ரோ ஓல்டு'. 'கெட் ஓல்டு' என்றும் சொல்லலாம், 'கோ ஓல்டு' என்று சொல்லக் கூடாது. ஆனால் முடி நரைப்பது 'கோ க்ரே', வழுக்கை விழுவது 'கோ பால்டு', கண் போவது 'கோ ப்ளைண்டு', பைத்தியம் பிடிப்பது 'கோ மேட்', தவறிப்போவது 'கோ ராங்', திவாலாவது 'கோ பாங்க்ரப்ட்'.

கடைசி வரிசையைக் கூர்ந்து பாருங்கள். 'கோ' வந்த இடத்தில் எல்லாம் ஏதோ ஒன்று கைவிட்டுப் போகிறது. 'கோ க்வயட்' (அமைதியாவது), 'கோ லைவ்' (நேரலைக்கு வருவது) போன்று கெடுதல் இல்லாத சில உண்டு. ஆனாலும் பெரும்பான்மை இழப்பின் பக்கமே சாய்கிறது. நம் மொழியின் 'போ' துணைவினையும் இப்படித்தானே நடக்கிறது? கெட்டுப்போனது, உடைந்துபோனது, வெளுத்துப்போனது, தொலைந்துபோனது. எதுவும் 'நன்றாகிப்போவதில்லை'. இரண்டு மொழிகளும் போதலையும் இழத்தலையும் ஒன்றாகவே உணர்ந்திருக்கின்றன. இந்த ஒற்றுமைதான் 2011-இல் என்னை ஏமாற்றியது. தமிழின் 'கெட்டுப்போதல்' பாலுக்கும் பொருந்தும், துணிக்கும் பொருந்தும், மோட்டாருக்கும் பொருந்தும், பையனுக்கும் பொருந்தும். ஆங்கிலத்தின் 'கோ பேட்' உணவுப் பண்டத்திலேயே பெரும்பாலும் நின்றுகொள்கிறது.

இப்படி ஒரு வினையை எடுத்துக்கொண்டு, அது எந்தெந்தப் பெயரடைகளை ஏற்கும் என்று ஒரே இடத்தில் பார்க்க இந்த அகராதியின் அகர வரிசைப் பகுதியில் வழியில்லை. பெயரடையின் பக்கத்துக்குப் போக வேண்டும். 'மேட்' என்று தேடினால் அங்கே 'கோ' கிடைக்கும். 'கோ' பக்கமிருந்து 'மேட்', 'பால்டு', 'ப்ளைண்டு' ஆகிய மூன்றையும் ஒன்றாகக் காண முடியாது. அப்படிக் கண்டால்தானே இந்த வினைக்கு இழப்பின் வாடை இருக்கிறது என்ற பொதுத்தன்மை கண்ணில் படும்? அதை நானே பல மாதங்கள் நோட்டில் சேகரித்துத்தான் புரிந்துகொண்டேன். தொள்ளாயிரம் பக்கங்களுக்கு மேல் உள்ள புத்தகத்தில் இதற்கென்று பத்துப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கலாம். நடுவில் பயிற்சிப் பக்கங்கள் கொடுத்திருக்கிறார்கள். கல்லூரி மாணவர்களுக்குப் பயன்படும். அந்த இடத்தில் இந்த வினைகளுக்கு ஓர் அட்டவணை இருந்திருந்தால் நான் இன்னும் நன்றி பாராட்டியிருப்பேன்.

வேறு குறைகளும் உண்டு. பெயரடைகளைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போட்டிருப்பார்கள். ஒரு கோட்டுக்குள் இருப்பவை ஒரே இனம் என்று அர்த்தம். அந்த இனம் என்ன என்று பெரும்பாலும் சொல்வதில்லை. புதிதாகப் படிப்பவருக்கு ஒரு பதிவில் முப்பது பெயரடைகள் கிடைக்கும். எதை எங்கே எடுப்பது என்று தெரியாது. பக்கத்தில் பொருள் சொல்லும் அகராதி ஒன்று கட்டாயம் வேண்டும். இரண்டாவது, இது ஏற்கப்பட்ட சேர்க்கைகளைத்தான் தருகிறது. ஏற்கப்படாதவை எவை என்று சொல்வதில்லை. மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்', மூடுபனிக்கு 'திக்' என்று கிடைக்கும். பலத்த மழை என்று பழகிய நம் கை 'ஸ்ட்ராங் ரெய்ன்' என்று எழுதப் போகும்போது, பட்டியலில் அது இல்லையே என்று நாமாகத்தான் நிறுத்திக்கொள்ள வேண்டும். பட்டியலில் இல்லாத எல்லாமே தவறு என்றும் சொல்லிவிட முடியாது என்பதால் சில நேரம் திகைப்பு மிஞ்சும்.

இரண்டாம் பதிப்போடு ஒரு குறுந்தகடு கொடுத்தார்கள். அதைப் போட்டுப் பார்க்கும் கருவி இன்றைய மடிக்கணினிகளில் இல்லை. என்னுடையது உறையிலேயே இருக்கிறது. எழுத்து பொடி, மாலை ஆறு மணிக்கு மேல் மேசை விளக்கு இல்லாமல் படிக்க முடிவதில்லை. தாள் மெல்லியது, பேனாவால் அடிக்கோடிட்டால் மறுபக்கம் தெரியும். பென்சில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டிஷ் வழக்கு, அமெரிக்க வழக்கு என்று இரண்டாம் பதிப்பில் பிரித்துக் குறித்திருப்பது என் வேலைக்குப் பெரும் உதவி. முடிவெடுப்பதற்கு நம் ஊர் அலுவலகங்களில் 'டேக் எ டெசிஷன்' என்றே எழுதிப் பழகியிருக்கிறோம். அது பிரிட்டிஷ் வழக்கு, தவறு இல்லை. அமெரிக்கப் பையருக்கு 'மேக் எ டெசிஷன்' என்று எழுதினால் உறுத்தாது. மன்னிப்புக் கடிதங்களுக்கும் இந்தப் புத்தகத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். எங்கள் தொழிலில் மாதத்துக்கு இரண்டாவது எழுத வேண்டியிருக்கும். ஒரு காலத்தில் 'வெரி ஸாரி' என்று மூன்று முறை எழுதுவேன். வருத்தம் கூடக் கூட 'வெரி' கூடும். 'அபாலஜி' என்ற பதிவைப் பார்த்த பிறகு 'சின்சியர்' என்ற ஒரே பெயரடையும் 'அக்செப்ட்' என்ற வினையும் போதும் என்று கற்றேன். 'ப்ளீஸ் அக்செப்ட் அவர் சின்சியர் அபாலஜீஸ்'. ஒரு வரி. அதற்கடுத்த வரியில் சரக்கு எப்போது கிளம்பும் என்று தேதி போட்டுவிடலாம். பையருக்கு வேண்டியது அந்தத் தேதிதான்.

இலவசமாக இணையத்தில் கிடைக்கும் 'ஸ்கெல்' என்ற தளத்தையும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். ஒரு சொல்லைத் தட்டினால் அதன் சேர்க்கைகளைக் கணினியே உரைத்தொகுப்பிலிருந்து எடுத்து வரிசைப்படுத்திக் காட்டும், எடுத்துக்காட்டு வாக்கியங்களும் தரும். வேகமானது, அகராதி மௌனமாக இருக்கும் இடங்களில் கைகொடுக்கும். ஆனால் அங்கே மனிதர் உட்கார்ந்து பிரித்த குழுக்கள் இல்லை. அவசரத்துக்கு அது, படிப்பதற்கு இது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆங்கிலம் பேசவே இப்போதுதான் தொடங்குகிறவர்களுக்கு இந்த அகராதியை நான் சொல்ல மாட்டேன். மிரண்டுவிடுவார்கள். எழுதத் தெரிந்து, எழுதியது எங்கோ ஒட்டவில்லை என்று உணர்கிறவர்களுக்கு, அதிலும் ஒவ்வொரு நாளும் முகம் தெரியாத வெளிநாட்டாருக்கு எழுத வேண்டிய கணக்கர்கள், செவிலியர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், என்னைப் போன்ற மெர்ச்சண்டைசர்களுக்கு, தயங்காமல் சொல்வேன். பழைய புத்தகக் கடையில் 2002 பதிப்பு கிடைத்தால் வாங்கலாம். கையில் காசு இருந்தால் 2009 பதிப்பே வாங்குங்கள், அமெரிக்கப் பையர் இருந்தால் கட்டாயம் அதுதான்.

போன மாதம் எங்கள் பிரிவில் ஒரு பெண் பயிற்சிக்குச் சேர்ந்தாள். காங்கேயத்துப் பக்கம், தமிழ்வழிப் படிப்பு. குழந்தைகள் சட்டையில் பட்டன் பலவீனமாக இருப்பதைத் தரப் பரிசோதனையில் கண்டுபிடித்திருந்தார்கள். தகவலை அவளே எழுதட்டும் என்று விட்டேன். அரைமணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, பட்டன் கெட்டுப்போகிறது என்று எழுதலாமா?"

"கெட்டுப்போகிறது என்றால் என்ன ஆகிறது? கையில் எடுத்துப் பார்த்துச் சொல்."

சட்டையை எடுத்தாள். நடு பட்டனைக் கட்டை விரலால் இரண்டு முறை திருகினாள். நூல் தளர்ந்து பட்டன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"கெடவில்லை அக்கா. தளர்ந்துபோகிறது."

"அப்படியென்றால் 'லூஸ்' என்ற சொல்லைத் தேடு. எந்த வினை வருகிறது என்று பார்."

அகராதியை அவள் பக்கம் தள்ளினேன். எல் எழுத்தைக் கண்டுபிடிக்க நேரமெடுத்தது. பிறகு விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கினாள். 'கம்' என்ற இடத்தில் விரல் நின்றது. தலையைத் தூக்காமலே கேட்டாள்: "போகிறது என்று நாம் சொல்கிறோம், இவர்கள் வருகிறது என்கிறார்களே அக்கா?" இத்தனை ஆண்டுகளில் எனக்குத் தோன்றாத கேள்வி. 'கோ'வுக்கு இழப்பு என்று நான் நோட்டில் எழுதி வைத்திருந்த கணக்கு 'கம் லூஸ்' என்ற இடத்தில் ஒத்துவரவில்லை. நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தின் ஓரத்தில் அவள் கேள்வியைக் குறித்துக்கொண்டேன்.

'த மிடில் பட்டன் கம்ஸ் லூஸ் ஆஃப்டர் டூ டர்ன்ஸ்' என்று அவள் எழுதி அனுப்பினாள். மாலைக்குள் பையரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: எந்த அளவுகளில், எத்தனை சட்டைகளில்?

அவள் எண்ணப் போனாள்.